கார் தங்கம், ரோடு தகரம்

வேலைங்களா? ரோடு போடறனுங்க.

அட, காண்ட்ராக்டர் எல்லாம் இல்லீங்க. அப்படி இருந்திருந்தா இந்த பஸ்ல எதுக்குங்க பெங்களூர் போறேன். கம்ப்யூட்டர்ல போடறனுங்க. வீடியோ கேம்ல கார் பந்தயம் வருதுல்லங்க, அந்தக் கார் ஓடறதுக்கு ரோடு வேணுமுல்ல? ரோடு, மேடு, வளைவு, ஓரத்துல டீக்கடை, புளியமரம், பள்ளிக்கூடத்துச் சுவரு, அம்புட்டும் நான் போடறதுதான். சொன்னா யாரும் நம்பறதில்லை. நீங்களும் நம்ப மாட்டீங்க. பரவால்லீங்க. தொப்பூர்கிட்ட லாரி படுத்துக்கிச்சுன்னு கண்டக்டர் சொல்றாரு. கிரேன் வந்து தூக்கற வரைக்கும் வண்டி நகராது. கேளுங்க. கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

கேம் பேரு 'கொண்டை ஊசி'. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உங்க வீட்ல காலேஜ் போற பையன் இருந்தா அவனைக் கேட்டுப் பாருங்க, தெரியும். கோயமுத்தூர்ல சிங்காநல்லூர் பக்கம் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நானும் என் வீட்டுக்காரியும் கூட நாலஞ்சு பசங்களும் சேர்ந்து வருசக்கணக்கா உக்காந்து பண்ணினது. அந்தக் கேம்ல ஒரு ஜில்லாவே உள்ள இருக்குதுங்க. ஊரு, காடு, டேம், மலை, மலை மேல போற ரோடு. எந்தப் பக்கம் வேணாலும் காரை எடுத்துட்டுப் போலாம், கேக்க ஆளில்லை. பந்தயம் வேணும்னா பந்தயம். இல்லைன்னா சும்மா சுத்தலாம். நிஜக் காராட்டம் கியரு, டயரு தேய்மானம்னு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பறக்கலாம், இடிக்கலாம், பஸ்ஸைத் தாண்டிக் குதிக்கலாம். விளையாட்டுக்குத்தானே.

கார் அவ, ரோடு நான். அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம். என் வீட்டுக்காரி பேரு சௌடேஸ்வரி, நாங்க ஈஸ்வரின்னு கூப்பிடுவோம். மெக்கானிக்கல் படிச்சவ. கார் பண்றதுன்னா பெயிண்ட் அடிச்சு சக்கரம் மாட்டறது இல்லீங்க. ஸ்டியரிங்கைத் திருப்பினா எவ்வளவு திரும்பணும், பிரேக்கை மிதிச்சா எவ்வளவு வழுக்கணும், மேட்டுல பறந்தா எப்படி இறங்கணும், அந்தக் கணக்கு. அது ஒண்ணும் சின்ன வேலைன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ரோடு இல்லாம கார் எங்கீங்க ஓடும்?

கேம் முடிஞ்சு பேரு போடற இடத்துல 'குரு – ஈஸ்வரி'ன்னு சேர்த்துத்தான் போட்டோம். எது யார் பண்ணினதுன்னு வெளியில ஒருத்தனுக்கும் தெரியாது. அவதான் அப்படிப் போடச் சொன்னா. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன்னுது என்னுதுன்னு கேட்டா. அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு.

ஸ்பீடு பிரேக்கர்லதானுங்க எல்லாம் ஆரம்பிச்சுது.

நீங்களே சொல்லுங்க, நம்ம ஊரு ரோட்டுல ஸ்பீடு பிரேக்கர் இல்லாம இருக்குமா? வீட்டு முன்னாடி ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டுதுன்னா அடுத்த நாளே தெருக்காரங்களே ரெண்டு கூடை ஜல்லியைக் கொட்டி ஒரு திட்டு போட்டுடுவாங்க. வெள்ளைக் கோடா அடிக்கறாங்க? போர்டா வைக்கறாங்க? ஒண்ணும் கிடையாது. கிட்டப் போனாத்தான் தெரியும். நானும் அப்படியே வெச்சேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒண்ணு, கவுன்சிலர் வீட்டுக்கு முன்னாடி ரெண்டு, ஒயின் ஷாப்புக்கு ரெண்டு பக்கமும், கோயில் வளைவுல ஒண்ணு. ஒண்ணுத்துக்கும் கோடு கிடையாது. நூத்தம்பதுல வர்றவன் மேல போனான்னா கார் எகிறி புளியமரத்துல போய் உக்காரும்.

ஈஸ்வரி அன்னிக்கே சொன்னா. விளையாடறவன் திடீர்னு எகிறினா எதுக்கு எகிறினோம்னு தெரியாம முழிப்பான், வெள்ளைக் கோடாவது அடிச்சு விடு குருன்னு சொன்னா. முடியாதுன்னுட்டேன். நம்ம ஊருல இருக்கற மாதிரிதான் இருக்கணும்னேன். ரெண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அப்புறம் அவளா காரை எடுத்து வெச்சுக்கிட்டு என்னமோ நோண்டினா. ஸ்பீடு பிரேக்கர்ல எகிறி, நேரா நாலு சக்கரமும் பதிய இறங்கினா வேகம் கூடற மாதிரி பண்ணி வெச்சா. கோணையா இறங்கினா போச்சு. பசங்க அதை விளையாடிப் பார்த்துட்டு, அக்கா இப்பத்தான் ரோட்டுக்கு உயிரு வந்துச்சுன்னானுங்க. ரோட்டுக்கு ஏற்கெனவே உயிரு இருந்துச்சுங்க. அவ பண்ணினது ஒரு சின்ன வேலை, ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது.

கேம் வெளிய வந்துச்சு. விமர்சனமும் வந்துச்சு.

இதுக்குன்னே எழுதறவங்க இருக்காங்க, ஊரு உலகத்துல. சினிமாவுக்கு எழுதற மாதிரி. எல்லாத்தையும் கூட்டி வகுத்து நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரு மார்க் வரும். எங்களுக்கு அறுபத்தெட்டு. எங்கப்பா ரிடையர்டு வாத்தியாரு. பாஸா ஃபெயிலான்னு கேட்டாரு. பாஸுங்கப்பான்னேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கேன்னு கேட்டாரு. அவருகிட்ட என்னத்தைச் சொல்றது? ஒருத்தன் எம்பத்தஞ்சு போடறான், அடுத்தவன் நாப்பது போடறான். எல்லாத்தையும் கூட்டி வகுத்தா அறுபத்தெட்டு. எல்லாரும் அறுபத்தெட்டு போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

மார்க்கு கிடக்கட்டும். எழுதினதைப் படிச்சாத்தான் வயிறு எரியும். ஒவ்வொரு விமர்சனமும் பாதி வரைக்கும் அவ, பாதிக்கு மேல நானு. கார் ஓட்டறதுக்கு வெண்ணெயாட்டம் இருக்குது, இந்த மாதிரி காரை யாரும் பண்ணினதில்லை, இப்படி எழுதிட்டே வருவான். அப்புறம் 'ஆனா'ன்னு ஒண்ணு போடுவான் பாருங்க. அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வர்றது பூரா ரோடு. ரோட்டுல கண்ணுக்குத் தெரியாத மேடு இருக்குது, இது கோளாறு, சரிபண்ணாம விட்டுட்டாங்கன்னு ஒரு வெள்ளைக்காரன் எழுதறான். கோளாறாம். எங்க தெருவுல வந்து ஓட்டிப் பார்த்துட்டு சொல்லட்டும் அவன்.

சரி, அவனுக்குத்தான் தெரியாது. நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? பாதிப் பேரு விளையாடாமயே நம்ம ஊரு கேம்னு பத்துக்குப் பத்து போட்டானுங்க. அது ஒரு மார்க்கா? மீதிப் பேருல சேலத்துக்காரன் ஒருத்தன், யூடியூப்ல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பேசுவான். அவன்தான் சொன்னான், 'கார் தங்கம், ரோடு தகரம்'னு. அவ்வளவுதான். அதைப் பிடிச்சுக்கிட்டானுங்க எல்லாரும். போட்டோ மேல எழுதி அனுப்பறானுங்க, பாட்டா கட்டறானுங்க. எங்க ஆபீஸ் பசங்களே நான் இல்லாதப்ப அதைச் சொல்லிச் சிரிச்சானுங்க. எனக்குத் தெரியும்.

ஈஸ்வரி படிக்காதேம்பா. ரெண்டையும் சேர்த்துத்தானே மார்க் போட்டிருக்காங்க, உனக்கு மட்டும் என்னம்பா. பாராட்டு வாங்கறவங்க சொல்றது சுலபமுங்க. நான் ராத்திரி பகல்னு பார்க்காம வேற வேற பேருல போய் பதில் எழுதினேன். ரோட்டைப் புரிஞ்சுக்க அறிவு வேணும்னு எழுதினேன். நாலஞ்சு பேருல எழுதி, ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் சரின்னு சொல்ற மாதிரியும் எழுதினேன். ஒண்ணும் எடுபடலை.

அந்தச் சமயத்துலதான் மெட்ராஸ்ல இருந்து ரியாஸ்னு ஒரு தம்பி பேட்டி எடுக்க வந்தான். நல்ல பையன். மாடியில லைட்டெல்லாம் போட்டு, எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேட்டான். கார் யார் பண்ணினதுன்னு கேட்டான். ரெண்டு பேரும் சேர்ந்துதான்னேன். அது பொய்யாங்க? ஒரே வீடு, ஒரே ஆபீஸ். ஈஸ்வரி காப்பி எடுத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போனா. அவ அந்தப் பக்கம் போனதும் இந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, 'சார், அந்த ரோடு யாரோட ஐடியா'ன்னு கேட்டான்.

நீங்க கல்யாணம் ஆனவருதானே? வீட்டுக்கு யாராவது வந்து ஏனுங்க இந்த சோபா வாங்குனீங்க, ஏனுங்க இந்தக் கலர் அடிச்சீங்கன்னு கேட்டா என்னங்க சொல்வோம்? எல்லாம் மேடம் முடிவுதானுங்க, நமக்கு அதுல என்ன இருக்குதுன்னு சொல்லுவோமா இல்லையா? எல்லா ஆம்பளையும் சொல்றதுதானே? நானும் சொன்னேன். 'எல்லாம் மேடம் முடிவுதான், வீட்லயும் சரி ரோட்லயும் சரி'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். ஒரு தமாசு. அதுக்குள்ள காப்பி வந்துச்சு, வேற பேச்சுக்குப் போயிட்டோம்.

அந்தப் பையன் வீடியோவுக்கு என்ன தலைப்பு வெச்சான் தெரியுங்களா? 'ரோடு போட்டது மனைவி'.

அப்புறம் கேக்கணுமா? அதுவரைக்கும் ரோட்டைத் திட்டிட்டு இருந்தவனெல்லாம் அவளைத் திட்ட ஆரம்பிச்சான். பொம்பளைக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது, ரோடு போட விட்டா இப்படித்தான்னு எழுதினான் ஒருத்தன். அதுக்கு எத்தனை பேரு கை தட்டறான். புருசன் பண்ணின காரை பொண்டாட்டி ரோடு போட்டுக் கெடுத்துட்டாளாம். எனக்குப் படிக்கப் படிக்க கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க. நான் என்ன கல்லா? ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வாரம்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு.

ஈஸ்வரி அந்த வீடியோவைப் பார்த்தா. பார்த்துட்டு என்னைப் பார்த்தா. சண்டை போடுவான்னு நினைச்சேன், போடலை. 'நீ எப்ப சொல்லப்போறே'ன்னு மட்டும் கேட்டா. சொல்றேன், கொஞ்சம் அடங்கட்டும்னேன். மறுநாளும் கேட்டா. சூடு ஆறட்டும், இப்பச் சொன்னா அவங்களுக்கு இன்னும் கொண்டாட்டமாப் போகும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லை. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நான் விட்டுட்டேன்.

பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அவளே ஒரு வீடியோ போட்டா. மூஞ்சியைக் காட்டலை, குரல் மட்டும்தான். கேம்ல காரை எடுத்து, டேம்ல இருந்து கோயில் வளைவு வரைக்கும் ஓட்டிக்கிட்டே பேசினா. அதோ வெள்ளை ரிப்பன் கட்டின பிள்ளைக ரெண்டு நடந்து போகுது பாருங்க, அப்படின்னா பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்குது, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. ரோட்டோரம் வண்டியெல்லாம் தாறுமாறா நிக்குதா, முன்னாடி ஒயின் ஷாப் இருக்குது, காலை எடுங்க. கட்சிக் கொடி தெரியுதா, கவுன்சிலர் வீடு வரப்போவுது. இந்த ஊருல யாரும் கோடு போட்டு வைக்க மாட்டாங்க, மனுசங்களைப் பார்த்து ஓட்டினா போதும்னு சொன்னா. மேப்பைப் பார்த்து ஓட்டறவன் மரத்துல போய் மோதுவான், ஊரைப் பார்த்து ஓட்டறவன் ஜெயிப்பான்னு சொல்லி, ஒரு இடத்துலகூட மோதாம, எகிறின இடத்துல நாலு சக்கரமும் பதிய இறக்கி, கடைசி வரைக்கும் ஓட்டிக் காட்டினா. ரோடு அவளோடதுன்னு அவ சொல்லவே இல்லைங்க. அதையும் சொல்லிடறேன். 'இந்த ரோடு'ன்னு மட்டும்தான் சொன்னா.

நான் அதைப் பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். நான் நினைச்சு வெச்சதும் அதுதானுங்க. அதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தேன். இதே வார்த்தையில சொல்லலை, அவ்வளவுதான்.

ஒரே வாரத்துல எல்லாம் தலைகீழாப் போச்சு. அந்த வெள்ளைக்காரன் திரும்ப விளையாடிட்டு, நாங்க தப்பா எழுதிட்டோம், இது கோளாறு இல்லை, இந்த ரோடுதான் இந்த கேமோட மூளைன்னு புதுசா எழுதறான். சேலத்துக்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு மன்னிப்பு கேக்கறான். யாருகிட்ட? மேடம்கிட்ட. ஈஸ்வரி மேடம், உங்க ரோட்டுக்கு நான் தலை வணங்கறேங்கறான். ஊரே அவ ரோடு அவ ரோடுங்குது. இப்பக் கார் யாரோடதுன்னு ஒருத்தனும் பேசக் காணோம். ரோட்டைத்தான் பேசறானுங்க. என் ரோட்டை.

சொல்லுங்க, எப்படி இருக்கும் எனக்கு? திட்டு வாங்கினப்ப அது ரோடு. பேரு வாங்கறப்ப அது ஈஸ்வரி ரோடு. நான் இப்பப் போய் அது என்னுதுன்னு எழுதினா, பொண்டாட்டி பேரைத் திங்கப் பார்க்கறான்னு எழுதறானுங்க. எழுதிப் பார்த்துட்டேன், அப்படித்தான் எழுதினானுங்க.

மெட்ராஸ்ல ஒரு விழா. கேம் பண்றவங்களுக்கெல்லாம் விருது குடுக்கறாங்க. சிறந்த உலக வடிவமைப்புக்கு ஈஸ்வரியைக் கூப்பிட்டிருந்தாங்க. உலகம்னா ரோடு, ஊரு, அதெல்லாம். நான் கேட்டுட்டேன். ஒளிக்காமத்தான் கேட்டேன். மேடையில நீ உண்மையைச் சொல்லணும்னு சொன்னேன். அவ சரி சொல்றேன்னா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை.

சொன்னாளுங்க. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். மைக்கு முன்னாடி நின்னு, 'இந்த ரோடு நான் போட்டது இல்லை. என் வீட்டுக்காரரு போட்டது. ஒவ்வொரு மேடும் அவரு வெச்சது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அவருதான் விடாப்பிடியா வெச்சாரு. இந்த விருது அவருக்குத்தான் சேரணும்'னு சொன்னா. தெளிவா, நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

என்ன ஆச்சு தெரியுங்களா? மொத்த மண்டபமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அவளுக்கு. என் பக்கத்துல ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு, யாரோட அப்பாவோ தெரியலை. கண்ணைத் தொடச்சுக்கிட்டே எங்கிட்ட சொல்றாரு, 'எப்பேர்ப்பட்ட பொண்ணு பாருங்க, இவ்வளவு பெரிய மேடையிலயும் புருசனை விட்டுக் குடுக்காமப் பேசுது'ன்னு.

ஒருத்தன், ஒருத்தன்கூட நம்பலை. எல்லாரும் நல்ல பொண்டாட்டி சொல்ற பேச்சுன்னு எடுத்துக்கிட்டானுங்க. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் அவ. சிரிக்காமச் சொல்லியிருக்கலாம். சிரிச்சாளான்னா, இல்லை, சிரிக்கலை. ஆனாலும் வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

இதோட விட்டாங்களா? விழாவை நடத்தினவன் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுட்டான். கையில மைக்கைக் குடுத்து, 'சார், மேடம் பெருந்தன்மையாச் சொல்றாங்க, நீங்க சொல்லுங்க, ரோடு யாரு போட்டது'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு என் வாயைப் பார்க்கறாங்க. ஈஸ்வரியும் பார்த்தா. அவ மட்டும்தான் சிரிக்காமப் பார்த்தா. அந்தக் கூட்டத்துல நின்னு, ஆமாங்க நான்தான் போட்டேன், அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொன்னா எப்படிங்க இருக்கும்? என்னை என்னன்னு நினைப்பாங்க? வாய் வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. 'அவங்க சொன்னா நான் மறுத்துப் பேச முடியுமாங்க'ன்னு சொல்லிட்டேன். மண்டபமே அதிர்ந்துச்சு சிரிப்புல. அவ்வளவு பெரிய கைத்தட்டு என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்சதில்லை.

வெளிய கார் நிறுத்தற இடத்துக்கு வந்தோம். அவ கார் கதவைத் திறந்துட்டு, 'அடுத்த கேம்ல பேரைச் சேர்த்துப் போட வேண்டாம் குரு. நீ பண்ணினதுக்கு உன் பேரு, நான் பண்ணினதுக்கு என் பேரு'ன்னா. நானும் யோசிச்சுப் பார்த்தேன், நியாயமாத்தான் பட்டுச்சு. இதை முதல்லயே பண்ணியிருந்தா இத்தனை கூத்து இல்லையே. சரின்னேன். சரின்னுட்டு, 'அப்ப யார் பேரு முதல்ல வரும்'னு கேட்டேன். கேக்கக் கூடாதுங்களா? தனித்தனின்னு ஆனா யாராவது ஒருத்தர் மேல வரணும், ஒருத்தர் கீழ வரணும். கேட்டு வெச்சுக்கறது நல்லதுதானே?

'உன் பேரு மட்டும்தான் வரும்'னு சொல்லிட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டா. நான் ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போனேன்.

இப்ப அவ புனேவுல இருக்கறா. பெரிய கம்பெனி. மூணு மாசமாச்சு. வீட்ல அவ கம்ப்யூட்டர் மேசை மட்டும் காலியாக் கிடக்குது. அந்தப் பக்கம் நான் போறதில்லை. எங்கப்பா தினமும் அவளுக்குப் போன் பண்ணிப் பேசறாரு, என் முன்னாடியே பேசறாரு.

பெங்களூருக்கு எதுக்குப் போறேன்னா, கார் பண்ண ஆள் பார்க்கத்தான் போறேன். அடுத்த கேமுக்கு ரோடெல்லாம் தயாரா இருக்குது. போன கேம்ல இருந்ததைப் போல ரெண்டு பங்கு நீளம். ஏற்கெனவே மூணு பேரை வெச்சுப் பார்த்துட்டேன். எவன் பண்ணின காரும் என் ரோட்டுல நிக்க மாட்டேங்குது. முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே கவுந்துடுது. கடைசியா வந்த பையன், சார் இந்த ரோட்டுல ஓடற மாதிரி காரை ஏற்கெனவே ஒருத்தர் பண்ணியிருக்காங்கல்ல, அவங்களையே கூப்பிடுங்களேன்னான். அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டேன். வாய் ஜாஸ்தி.

அதா, வண்டியை எடுக்கறான் பாருங்க. கிரேன் வந்துடுச்சாட்ட இருக்குது.

என்னங்க? அந்த ரியாஸ் தம்பி கேட்டப்பவே ரோடு நான்தான் போட்டேன்னு சொல்லியிருக்கலாமேங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. அன்னிக்குச் சொல்லியிருந்தா அத்தனை திட்டும் எனக்குத்தானேங்க விழுந்திருக்கும்.